அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து வாங்கக் கூடாத வண்டி

2009ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், குளிர்காலம் இன்னும் முடியாத நேரத்தில், அமெரிக்காவின் வாகனக் கடைகளில் ஒரு விநோதம் நடந்தது. பெரியவர்கள் ஓட்டும் ஸ்நோமொபைல்கள், அதாவது முன்னால் இரண்டு ஸ்கீ பட்டைகளும் பின்னால் சுழலும் ரப்பர் டிராக்கும் கொண்ட பனிவண்டிகள், வழக்கம்போல விற்பனைக்கு நின்றன. குழந்தைகளுக்கென்றே தயாரான சின்ன வண்டிகளை மட்டும் கடைக்காரர்கள் உள்ளே தள்ளி வைத்தார்கள். விற்றால் சட்ட மீறல். வேகம் கூடிவிட்டது என்றோ விபத்து பெருகிவிட்டது என்றோ வந்த தடை இல்லை அது. வண்டியில் ஈயம் இருக்கிறது என்பதுதான் குற்றச்சாட்டு.

2007இல் பொம்மைகளின் வண்ணப்பூச்சில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டு, மேட்டல் போன்ற பெரிய நிறுவனங்களே லட்சக்கணக்கான பொம்மைகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. பெற்றோரின் கோபம் அடங்குவதற்குள், 2008 ஆகஸ்டில் அமெரிக்காவில் கடுமையான சட்டம் ஒன்று கையெழுத்தானது. 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கான எந்தப் பொருளிலும் பத்து லட்சத்தில் 600 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. பொம்மையை மனதில் வைத்து எழுதிய சட்டத்தில் குட்டி மோட்டார் சைக்கிளும் குட்டிப் பனிவண்டியும் மாட்டிக்கொண்டன.

இந்த வண்டிகளின் பாகங்களில் உள்ள பித்தளையில் ஈயம் தற்செயலாகக் கலந்துவிடுவதில்லை, தெரிந்தே சேர்க்கிறார்கள். லேத்தில் கடையும்போது உலோகச் சுருள் நீளமாகச் சுற்றிக்கொள்ளாமல் துண்டு துண்டாக உடைந்து விழுவதற்குச் சுமார் 3 சதவீத ஈயம் உதவுகிறது. 3 சதவீதம் என்றால் பத்து லட்சத்தில் 30,000 பங்கு. பேட்டரி முனையிலும் சில அலுமினியக் கலவைகளிலும்கூட வரம்பை மீறிய ஈயம் இருந்தது. கார்புரேட்டருக்குள் இருக்கும் பித்தளை ஜெட்டை எந்தப் பிள்ளையும் எடுத்துச் சப்பப் போவதில்லை. ஆனால் சட்டத்தின் எழுத்து அதைப் பார்க்கவில்லை.

விளைவு கோணலாகப் போனது. சின்ன வண்டி கிடைக்காத வீட்டில் பிள்ளை சும்மா இருக்குமா? அப்பாவின் வண்டியில் ஏறும். இந்தக் கவலையைச் சுட்டிக்காட்டித்தான் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2009 மே மாதம் அந்த விதியை இவ்வகை வண்டிகள் மீது செயல்படுத்துவதை நிறுத்தி வைத்தது. 2011 ஆகஸ்டில் சட்டத்தையே திருத்தி, சாலைக்கு வெளியே ஓடும் வண்டிகளுக்கு விலக்கு அளித்தார்கள். பனிவண்டியும் அதில் சேர்த்தி. பித்தளை ஈயத்தைவிடத் தகப்பனின் வண்டி குழந்தைக்குப் பெரிய ஆபத்து என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட தருணம் அது.

ஜூன் மாதம் பள்ளிச் சீருடைக்கு அளவு கொடுக்கும்போது, "வளர்ற பிள்ளை, ரெண்டு இன்ச் சேர்த்தே தைங்க" என்று டெய்லரிடம் சொல்லாத தாய் நம்மூரில் அரிது. மினசோட்டாவில் பனிவண்டி வாங்கும் தகப்பனுக்கும் அதே கணக்குதான் ஓடுகிறது. புதிய சிறுவர் வண்டி 3,000 டாலருக்கு மேல். மூன்று நான்கு குளிர்காலத்தில் பிள்ளைக்குப் பத்தாமல் போகும். ஒரு அளவு பெரிதாக வாங்கிவிட்டால் என்ன? சட்டை விஷயத்தில் புத்திசாலித்தனமான இந்த யோசனை, பனிவண்டி விஷயத்தில் எங்கே தப்பாகிறது என்பதற்கு இயற்பியலும் உடலியலும் தெளிவான பதில் வைத்திருக்கின்றன.

இந்த வண்டியின் வரலாற்றிலேயே ஒரு குழந்தை இருக்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கோர்ட் என்ற ஊர். அங்கே ஜோசப்-அர்மாண்ட் பாம்பார்டியர் என்ற மெக்கானிக், 15 வயதிலேயே பழைய ஃபோர்டு கார் எஞ்சினில் விமான விசிறியைப் பொருத்திப் பனிமேல் ஓட்டிக் காட்டியவர். அந்தக் காலத்தில் கியூபெக் கிராமங்களில் குளிர்காலம் வந்தால் சாலை என்பதே கிடையாது, பனி மூடிவிடும். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் இவோன் குடல்வால் அழற்சியில் துடித்தபோது, ஷெர்ப்ரூக் நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் குழந்தை இறந்துபோனது. 1937இல் பாம்பார்டியர் பல்சக்கரத்தில் சுழலும் டிராக் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் உட்காரும் பி7 வண்டி பனிக்காலத்தில் ஆம்புலன்ஸாகவும் பள்ளிப் பேருந்தாகவும் தபால் வண்டியாகவும் ஓடியது. தனி ஆள் ஓட்டும் சின்ன ஸ்கீ-டூ 1959இல்தான் வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1956இல், மினசோட்டாவின் ரோஸோ என்ற சிற்றூரில் போலாரிஸ் பட்டறைக்காரர்களும் தங்கள் முதல் வண்டியை ஓட்டிப் பார்த்திருந்தார்கள்.

அறுபதுகளின் இறுதியில் வட அமெரிக்காவே பனிவண்டிப் பித்துப் பிடித்து அலைந்தது. அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு வண்டியில் போகும்போது பிள்ளை மட்டும் பின்னால் தொற்றிக்கொண்டு வருவதா என்ற கேள்வி எழுந்தது. ஆர்க்டிக் கேட் நிறுவனம் 1972 மாடலாகக் கிட்டி கேட் என்ற வண்டியை இறக்கியது. 60 சி.சி.க்குச் சற்றே குறைந்த எஞ்சின், நடப்பதைவிடக் கொஞ்சம் வேகமான ஓட்டம். ஏறக்குறைய மாற்றமே இல்லாமல் 1999 வரை அதைத் தயாரித்தார்கள். ஓட்டிய பிள்ளைகள் தாத்தாவாகிவிட்டார்கள். வண்டிகள் இன்னமும் ஓடுகின்றன. பழைய கிட்டி கேட்டைத் தேடிப் பிடித்துச் செப்பனிட்டு வைத்திருப்பவர்களுக்கென்று அமெரிக்காவில் தனிக் கூட்டமே உண்டு.

இன்றைய சிறுவர் வண்டிகளில் பெரும்பாலானவை 120 சி.சி. வகை. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். வேகம் மணிக்கு சுமார் 13 கிலோமீட்டருக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். இயந்திர அமைப்பில் இது டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டுக்குச் சொந்தக்காரன்: கியர் கிடையாது, எஞ்சின் வேகம் கூடினால் மையவிலக்கு விசையில் கிளட்ச் தானாகப் பிடித்துக்கொள்ளும், அங்கிருந்து செயின் வழியாக இழுவை. பெரிய பனிவண்டிகளில் இருக்கும் பெல்ட் வகைத் தானியங்கி மாற்றி இதில் இல்லை. அதனால் கிளம்பும்போது வெட்டி இழுக்காது, பழுது பார்ப்பதும் சுலபம். அடுத்த படியாக 200 சி.சி. வகையை 2018 மாடலாக ஆர்க்டிக் கேட்டும் யமஹாவும் கொண்டுவந்தன. அதற்கு மேலே பதின்பருவத்தினரையும் புதிதாகப் பழகும் பெரியவர்களையும் குறிவைத்த இடைநிலை வண்டிகள். இந்தப் படிக்கட்டில் ஒரு படியைத் தாண்டி ஏற்றும் ஆசைதான் சிக்கலைக் கொண்டுவருகிறது.

ஒரு எளிய கணக்கு. பெரியவர் ஓட்டும் பனிவண்டியின் எடை 230 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர் 80 கிலோ. ஓட்டுபவரின் எடை வண்டி எடையில் சுமார் 35 சதவீதம். இந்த விகிதம் முக்கியம். பனிவண்டி வெறும் ஹேண்டில்பாரால் திரும்புவதில்லை. வளைவில் ஓட்டுபவர் உள்பக்கம் சாய்ந்து, தன் உடல் எடையை மாற்றி வைக்கும்போதுதான் உள்பக்க ஸ்கீ தரையோடு ஒட்டி நின்று வண்டி கவிழாமல் திரும்புகிறது. உடலே ஒரு கட்டுப்பாட்டுக் கருவி. இப்போது 120 சி.சி. வண்டியைப் பாருங்கள்: எடை 65 கிலோ அளவில். ஏழு வயதுப் பிள்ளை 22, 23 கிலோ. விகிதம் மீண்டும் அதே 35 சதவீதத்தை ஒட்டி வருகிறது.

அதே பிள்ளையை 230 கிலோ வண்டியில் ஏற்றினால் விகிதம் பத்து சதவீதமாகச் சரிந்துவிடும். எவ்வளவு சாய்ந்தாலும் வண்டி அதைக் கண்டுகொள்ளாது. பத்து வயதில் பிள்ளையின் சராசரி எடை 31 கிலோ. அப்போதும் 14 சதவீதத்தைத் தாண்டாது. கவிழ்ந்தால் கதை இன்னும் மோசம். 65 கிலோ வண்டிக்குக் கீழே கால் சிக்கினால் பக்கத்தில் இருக்கும் பெரியவர் ஒரே ஆளாகத் தூக்கிவிடலாம். 230 கிலோவைத் தூக்க எத்தனை பேர் வேண்டும்?

வேகத்தின் கணக்கு இதைவிடக் கொடுமையானது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியாக ஏறும். மணிக்கு 13 கிலோமீட்டரில் போகும் உடலோடு ஒப்பிட்டால் 80 கிலோமீட்டரில் போகும் அதே உடலிடம் சுமார் 38 மடங்கு ஆற்றல் இருக்கிறது. மரத்தில் மோதினால் அந்த ஆற்றல் எல்லாம் எங்கேயாவது போயாக வேண்டும். பிரேக் பிடிக்க யோசிக்கும் ஒரு நொடியில் 13 கிலோமீட்டர் வேக வண்டி மூன்றரை மீட்டர் நகரும். 80 கிலோமீட்டர் வேக வண்டி 22 மீட்டர் கடந்திருக்கும். பனிவண்டிக்கு முன் பிரேக் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிரேக் பின்னாலிருக்கும் டிராக்கின் சுழற்சியை மட்டுமே நிறுத்தும். முன்னால் இருக்கும் ஸ்கீ வழுக்கிக்கொண்டே போகும். பெரியவர்களுக்கான 600 சி.சி. வண்டிகளில் 125 குதிரைத் திறன் சாதாரணம். நம்மூர்ச் சின்னக் கார்கள் பலவற்றுக்கு 70கூடக் கிடையாது.

கையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். பனிவண்டியில் ஆக்ஸிலரேட்டர் நம் பைக்கில் இருப்பதுபோல் முறுக்குவது இல்லை. வலது கைப்பிடிக்குக் கீழே ஒரு சின்ன நெம்புகோல்; கட்டைவிரலால் முன்னால் அழுத்த வேண்டும். விரலை எடுத்தால் எஞ்சின் அடங்கிவிடும். பயந்த குழந்தை கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும் என்பது இயல்பு. முறுக்கும் வகையாக இருந்தால் அந்த இறுக்கத்திலேயே வேகம் கூடிவிடக்கூடும். கட்டைவிரல் நெம்புகோலில் அந்த ஆபத்து குறைவு. இடது பக்கம் பிரேக் நெம்புகோல். ஐந்து விரலும் தடித்த கையுறைக்குள் புதைந்த நிலையில், ஆறு வயதுப் பிள்ளையின் விரல் நுனி அந்த நெம்புகோலைத் தொட்டு வளைத்துப் பிடிக்க வேண்டும். பெரிய வண்டியில் விரல் நுனி மட்டுமே எட்டும். எட்டுவது வேறு, இழுப்பது வேறு. ஹேண்டில்பாரை முழுக்க ஒரு பக்கம் திருப்பும்போது வெளிப்பக்கக் கை இன்னும் தூரமாகப் போய்விடும். பிள்ளை இருக்கையிலிருந்து எழுந்து முன்னால் சரியும். அதுவே வண்டி இன்னும் சேரவில்லை என்பதற்கு அடையாளம்.

பிள்ளை எல்லாப் பாகத்திலும் ஒரே சீராக வளர்வதில்லை என்பது இன்னொரு சிக்கல். ஆறு வயதில் சராசரி உயரம் 116 செ.மீ., எடை 20 கிலோவைச் சற்றே தாண்டும். 12 வயதில் உயரம் 150 செ.மீ.யை நெருங்கும், எடை இரு மடங்காகி 40 கிலோ ஆகும். தலை மட்டும் இந்தக் கணக்கில் வராது. ஆறு வயதிலேயே மூளை பெரியவர் மூளையின் அளவில் ஏறக்குறைய 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. தலைச் சுற்றளவும் 51, 52 செ.மீ. வந்துவிடும். பெரியவருக்கு 56, 57. ஆகவே பெரியவர்களின் சின்ன சைஸ் ஹெல்மெட் பிள்ளைக்குக் கிட்டத்தட்டப் பொருந்திவிடும். ஏமாறும் இடம் இதுதான். தலை தயார், கழுத்துத் தசை தயாரில்லை. ஒன்றரைக் கிலோ ஹெல்மெட்டை 20 கிலோ உடலின் மெல்லிய கழுத்து தாங்கும்போது, குலுக்கலிலும் மோதலிலும் அந்த எடையே சுமையாகிவிடும். அமெரிக்காவின் ஸ்னெல் அறக்கட்டளை பந்தயம் ஓட்டும் குழந்தைகளுக்கென்று எடை வரம்போடு தனித் தரக் குறியீட்டை 2007இல் உருவாக்கியதன் பின்னணி இதுவே.

கண்ணும் அப்படித்தான். லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியில் ஜான் வான் தலைமையிலான உளவியலாளர்கள் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளை வைத்து ஆராய்ந்தார்கள். எதிரே வரும் வாகனம் மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் அதன் வேகத்தை இந்த வயதுக் குழந்தைகளால் சரியாக மதிப்பிட முடிவதில்லை என்பது 2010, 2011 வாக்கில் வெளியான முடிவு. நெருங்கும் பொருளின் உருவம் கண்ணில் பெரிதாகும் வேகத்தை மூளை படிக்கும் திறன் அந்த வயதில் முழுமையாக வளர்ந்திருக்காது. அந்த ஆய்வு சாலையைக் கடக்கும் பிள்ளைகளைப் பற்றியது. பனிப்பாதையில் வளைவுக்கு அப்பாலிருந்து 80 கிலோமீட்டரில் வரும் இன்னொரு வண்டிக்கும் அதைப் பொருத்திப் பார்ப்பதில் தவறில்லை. கவனக்குறைவு என்று பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. பார்வை அமைப்பே இன்னும் முடிந்தபாடில்லை.

குளிரைப் பற்றி வெப்ப நாட்டு வாசகருக்குச் சொல்ல வேண்டும். காற்றில் உடல் உணரும் குளிரைக் கணக்கிட அமெரிக்காவும் கனடாவும் 2001இலிருந்து ஒரே சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன. அதன்படி மைனஸ் 15 டிகிரியில் 13 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்துக்கு மைனஸ் 22ஆகத் தெரியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் மைனஸ் 31. இது வெளியே தெரியும் தோலுக்கான கணக்கு. பெரியவரைவிடக் குழந்தைக்கு எடைக்கு ஏற்ற தோல் பரப்பு அதிகம். எனவே சூட்டை வேகமாக இழக்கும். விளையாட்டு சுவாரசியத்தில் விரல் மரத்துப்போனதைப் பிள்ளை சொல்லாது. சிறுவர் வண்டியின் குறைந்த வேகம் தடுப்பது மோதலை மட்டும் இல்லை, உறைகாயத்தையும்தான்.

வண்டியில் இருக்கும் பாதுகாப்புக் கருவிகளில் மலிவானதும் உயர்ந்ததும் ஒரு சுருள் கயிறு. ஒரு முனை பிள்ளையின் ஜாக்கெட்டில். மறு முனை முகப்புப் பலகையிலுள்ள குமிழில். பிள்ளை விழுந்தால் கயிறு குமிழைப் பிடுங்கிவிடும், மின்பொறி அறுந்து எஞ்சின் அந்தக் கணமே நிற்கும். ஆளில்லாத வண்டி தானாக ஓடிப்போகாது. கற்றுக்கொடுக்கும் முதல் நாட்களில் சில பெற்றோர் இந்தக் கயிற்றை நீட்டித் தங்கள் கையில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடுகிறார்கள். வண்டி தப்பாகப் போனால் ஒரு இழுப்பு. இதற்கு எந்த மின்னணு அமைப்பும் தேவைப்படவில்லை.

இத்தனையும் யோசித்துச் செய்த வண்டியைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள் இல்லை. எட்டு வயதில் பிள்ளை "ஸ்லோவா இருக்குப்பா" என்று சொன்னதும், வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றும் தகப்பன்மார்கள் உண்டு. மின்பொறிப் பெட்டியை மாற்றினால் சுழற்சி வரம்பு போய்விடும்; பல்சக்கரத்தை மாற்றினால் வேகம் ஏறும். விஸ்கான்சினின் ஈகிள் ரிவர் நகரில் 1964இலிருந்து நடக்கும் உலகச் சாம்பியன் பந்தயத்தில் 120 சி.சி. சிறுவர் பிரிவும் இருக்கிறது. பந்தயத்துக்கென்று மாற்றிய வண்டிகள் கடையில் வந்த வண்டியைவிடப் பல மடங்கு வேகமாகப் பாயும். அங்கே வேலி, மருத்துவர், விதிமுறை, நடுவர் எல்லாம் உண்டு. வீட்டுப் பின்புறத்தில் அதே எஞ்சினை அவிழ்த்துவிட்டால், 13 கிலோமீட்டருக்காக வடிவமைத்த பிரேக்கும் சஸ்பென்ஷனும் அப்படியேதான் இருக்கும். ஒரு அளவு பெரிய வண்டி வாங்குவதைவிட இது மோசம்.

மருத்துவர்களின் நிலைப்பாடு இன்னும் கறாரானது. 16 வயதுக்குக் கீழே யாரும் பனிவண்டி ஓட்டவே கூடாது, ஆறு வயதுக்குக் கீழே பின்னால் உட்காரக்கூடக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் பரிந்துரை. கனடியக் குழந்தை மருத்துவச் சங்கமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. பனிவண்டி விபத்து மரணங்களில் தலைக்காயம் முதலிடம் வகிப்பதை அன்றாடம் பார்ப்பவர்கள் இப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சிறுவர் வண்டி தயாரிக்கும் நிறுவனங்கள் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளை வாடிக்கையாளராகப் பார்ப்பதும், மருத்துவர்கள் 16 என்று கோடு போடுவதும் எந்தச் சமரசத்திலும் ஒன்றுசேராது. பெற்றோர் இரண்டையும் தெரிந்துகொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

சட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில் ஊருக்கு ஊர் வேறாக நிற்கிறது. மினசோட்டாவில் 12 வயது முதல் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம். ஒண்டாரியோவில் 12 வயதானால் தனி உரிமம் பெற்று பனிப்பாதைகளில் ஓட்டலாம், சாலையைக் கடக்க 16 ஆக வேண்டும். பக்கத்து மாகாணமான கியூபெக்கிலோ 16 வயதுக்குக் கீழ் ஓட்ட அனுமதியே இல்லை. பாம்பார்டியர் பிறந்த மண்ணின் விதிதான் மூன்றிலும் கடுமை. ஆகவே சிறுவர் வண்டிக்கு உரிய இடம் வீட்டு நிலமும் வேலி போட்ட வயலும்தான். உறைந்த ஏரி சமதளமாக இருக்கிறதே என்று அங்கே கொண்டுபோய் விடுவதும் ஆபத்து. மனிதர் நடக்கவே நான்கு அங்குலத் தெளிந்த புதுப் பனிக்கட்டி வேண்டும், பனிவண்டிக்கு ஐந்து முதல் ஏழு அங்குலம் என்று சொல்லும் மினசோட்டா இயற்கை வளத் துறை, எந்தப் பனிக்கட்டியையும் நூறு சதவீதம் நம்ப முடியாது என்றும் சேர்த்தே சொல்கிறது.

வாங்கிய பிறகு வரும் தலைவலி வேதியியல் சம்பந்தப்பட்டது. பனிவண்டிக்கு வருஷத்தில் மூன்று நான்கு மாதமே வேலை. மிச்ச நாள் ஷெட்டில் உறக்கம். அமெரிக்கப் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. நம்மூரில் இது 20 சதவீதத்தை எட்டி, வண்டிக்காரர்கள் புலம்பிக்கொண்டிருப்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். இன்னொரு பக்கம் பெட்ரோலின் லேசான பாகங்கள் மாதக்கணக்கில் ஆவியாகிப் போக, மிஞ்சியது பிசினாகக் கெட்டியாகும். 120 சி.சி. எஞ்சினின் கார்புரேட்டரில் குறைந்த வேகத்துக்கான ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டரைவிடவும் குறுகலானது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஊசி நுனிப் புள்ளியாக ஒளி தெரிய வேண்டும். பிசின் அடைத்திருந்தால் இருட்டாக இருக்கும். டிசம்பரில் முதல் பனி விழுந்த அன்று பிள்ளை உடை மாட்டிக்கொண்டு நிற்க, தகப்பன் இழுகயிற்றை இழுத்துக் கை சோர்ந்துபோவதற்குப் பெரும்பாலும் இந்தப் புள்ளிதான் காரணம். மார்ச் மாதமே கார்புரேட்டரை வடித்து வைத்தால் தப்பிக்கலாம். டிராக்கைத் தரையில் படாமல் ஸ்டாண்டில் தூக்கி வைப்பதும், எலி கூடு கட்டாமல் காற்றுப் பெட்டி வாயை அடைப்பதும் மிச்ச வேலைகள்.

இதற்கெல்லாம் மேலே, பனியே வராமல் போகலாம். 2023-24 குளிர்காலம் மினசோட்டாவின் வரலாற்றிலேயே மிக வெப்பமானது; பல பனிப்பாதைகள் திறக்கவே இல்லை. மூன்று நான்கு வருஷம் மட்டுமே பொருந்தும் வண்டிக்கு ஒரு வருஷம் போனது என்றால் அது கால்வாசி ஆயுள். தொழிலும் தளர்ந்திருக்கிறது. 1971இல் வட அமெரிக்காவில் ஐந்து லட்சத்தை நெருங்கி விற்ற பனிவண்டிகள், அண்மை ஆண்டுகளில் உலகம் முழுவதற்குமே ஒரு லட்சத்துச் சொச்சம். 2025 மாடலோடு பனிவண்டித் தொழிலைவிட்டு விலகுவதாக யமஹா 2023இலேயே அறிவித்துவிட்டது. ஆர்க்டிக் கேட்டை டெக்ஸ்ட்ரான் நிறுவனம் 2025இல் கைமாற்றியது. சிறுவர் வண்டி தயாரித்த இரண்டு பெயர்களுக்கு வந்த கதி இது. உதிரிப் பாகம் கிடைக்குமா என்பது இனி விலையைவிடப் பெரிய கேள்வி.

ஆகவே கணக்கு இப்படித்தான் முடிகிறது: பழைய சின்ன வண்டியை வாங்கி, பிள்ளைக்குப் பத்தாதபோது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு விற்பது, புதிய பெரிய வண்டியை வாங்கி வைத்துப் பிள்ளை வளரக் காத்திருப்பதைவிடச் செலவிலும் குறைவு, உயிருக்கும் நல்லது. சின்ன வண்டி உடைந்து போவதற்கு முன்பே பிள்ளைக்குப் பத்தாமல் போவதால் கைமாறும் வண்டிகள் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே கிடைக்கின்றன.

ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கமிருந்து குளிர்கால விடுமுறைக்கு ஹாலிபர்ட்டன், மஸ்கோகா என்று வடக்கே போகும் தமிழ்க் குடும்பங்களுக்கும், குல்மார்க்கில் பனிவண்டி வாடகைக்கு எடுக்கும் தமிழ்நாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆறு வயதுக்குக் கீழுள்ள பிள்ளையைப் பெரிய வண்டியில் முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொண்டு போகாதீர்கள், போட்டோவுக்குக்கூட. சொந்தமாக வாங்குவதாக இருந்தால் பிள்ளையையும் கடைக்குக் கூட்டிப் போங்கள், அது மாட்டப்போகும் அதே தடிமன் கையுறையோடு. உட்கார வையுங்கள். பாதம் பலகையில் முழுதாகப் பதிய வேண்டும். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பச் சொல்லுங்கள், பிரேக்கை முழுக்க இழுக்கச் சொல்லுங்கள். இன்றைக்கு முடியவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம்.